காரைநகர் பஸ்ஸும் பின்னேர வகுப்பும்

நமது பழைய மாணவர் சங்க மலரில் ஆசிரியர்களைப் பற்றியும் அதிபர்களைப் பற்றியும் 'பிக் மட்ச்' கிரிக்கெட் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எல்லாம் எழுத வேண்டியவைதான். ஆனால் காரைநகர்த் தீவை யாழ்ப்பாணத்தோடு இணைக்கும் பொன்னாலைப் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்து படித்த எங்களுக்குப் பள்ளிக்கூடம் வாசற் கேற்றில் தொடங்கவில்லை. விடியக் காலையில் வலந்தலைச் சந்தியில், இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸின் மிதிபலகையில் கால் வைத்தபோதே தொடங்கிவிட்டது. அந்த பஸ்ஸைப் பற்றியும், அதே அரசாங்கப் பணத்தில் நடந்த இன்னும் இரண்டு விஷயங்களைப் பற்றியும் இந்த மலரில் ஒரு பதிவு இருக்கவேண்டும் என்று கனகாலமாக நினைத்திருந்தேன்.

1973இல் ஆறாம் வகுப்புக்குச் சேர்ந்தேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஆறு ஏழு மைல். காரைநகரில் பல வீடுகளில் தகப்பன்மார் கொழும்பிலோ வேறு தென்பகுதி ஊர்களிலோ கடை வைத்திருந்த காலம் அது. எங்கள் வீட்டிலும் ஐயா வருவது பொங்கலுக்கும் திருவாதிரைக்கும்தான். கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர ஆள் கிடையாது. பஸ் இல்லையென்றால் ஊரிலேயே படிப்பை முடித்துக்கொண்டு நானும் கடையில் நின்றிருப்பேன். கடையில் நிற்பதைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கடைகள்தான் ஊரை வளர்த்தன. எனக்குப் படிக்க ஆசை இருந்தது, அவ்வளவுதான்.

அப்பு அடிக்கடி ஒன்று சொல்லுவார். தனியார் கம்பனி பஸ் ஓடிய காலத்தில் பள்ளிப் பிள்ளைகளைக் கண்டால் சாரதி நிற்பாட்ட யோசிப்பானாம். அரை ரிக்கற்காரருக்கு இடம் கொடுத்தால் முழு ரிக்கற்காரருக்கு இடம் இராது அல்லவா? 1958 ஜனவரி 1ஆம் திகதி அரசாங்கம் அந்தக் கம்பனிகளையெல்லாம் பொறுப்பேற்று இலங்கைப் போக்குவரத்துச் சபையை அமைத்தது. பண்டாரநாயக்க பிரதமராக இருந்த காலம். அதைப் பற்றி அரசியலில் ஆயிரம் வாதம் உண்டு. எனக்குத் தெரிந்தது, அதற்குப் பிறகு ஆள் குறைந்த தெருக்களிலும் பஸ் ஓடியது, காரைநகரில் ஒரு பஸ் சாலை (டிப்போ) இருந்தது, அங்கே படுத்த பஸ் விடிய எங்களுக்காகப் புறப்பட்டது என்பதுதான். லாபம் வருகிறதா என்று மட்டும் பார்த்திருந்தால் கடலுக்கு நடுவே போகும் அந்தத் தெருவில் அவ்வளவு காலையில் யார் பஸ் விடுவார்கள்?

சீசன் ரிக்கற் எடுப்பது ஒரு சடங்கு மாதிரி. படிவத்தில் வகுப்பாசிரியர் ஒப்பமிட, அதிபர் முத்திரை குத்த, அதைக் கொண்டுபோய் மாதக் காசைக் கட்டவேண்டும். நாளாந்தம் ரிக்கற் எடுத்தால் ஆகும் செலவில் அது ஒரு சிறு பங்கு. மிச்சம் அரசாங்கத்தின் தலையில். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார் என்று எல்லோரும் நன்றியோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் பள்ளிக்கூடத்தில் காசு வாங்காமல் விட்டாலும், ஏழு மைலுக்கு அப்பால் இருக்கும் பிள்ளை வந்து சேர்ந்தால்தானே படிக்கலாம்? என் கணக்கில் இலவசக் கல்வியின் மற்றப் பாதி அந்தச் சீசன் ரிக்கற்தான்.

பஸ்ஸுக்குள் ஒரு தனி ஒழுங்கு இருந்தது. சின்னப் பிள்ளைகளின் புத்தகப் பைகளெல்லாம் சாரதிக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடியின் மேல் அடுக்கப்படும். மழை நாளில் கடைசியாக ஏறுபவனின் பை மட்டும் நனைந்திருக்கும். அதைக் கொண்டக்டர் வாங்கி, சூடான மூடியில் ஒட்டினாற்போல வைப்பார். இறங்கும்போது காய்ந்திருக்கும். மீன் கூடையோடு வரும் ஆச்சிமாருக்குப் பின் வாசல். பொன்னாலைப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல். சோளகக் காற்று அடித்தால் ஜன்னலோரத்தில் இருப்பவனின் முகத்தில் உப்புத் தண்ணீர் படும். மார்கழி மாரியில் தெருவே தெரியாமல் வெள்ளம் நின்ற ஒரு நாள் சாரதி பஸ்ஸைப் பாலத்துக்கு முன்னால் நிறுத்தி இறங்கி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானே முன்னால் நடந்து ஆழம் பார்த்துவிட்டு வந்தார். "பிள்ளையள், ஒருத்தரும் எழும்பப்படாது, அப்பிடியே இருங்கோ" என்றார். மெல்ல மெல்ல ஓட்டினார். அன்று பள்ளிக்கூடத்துக்குப் பிந்தித்தான் போனோம். வகுப்பு மாஸ்ரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காரைநகர் பஸ் பிந்தினால் பிள்ளைகள் பிந்தினார்கள் என்று அர்த்தமில்லை என்பது அவருக்குத் தெரியும்.

எங்களோடு ஊர்காவற்றுறைப் பக்கத்துப் பொடியன் ஒருவன் படித்தான். அவன் முதலில் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் அரசாங்க மிதவைப் படகில் கடலைக் கடந்து காரைநகருக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறவேண்டும். கடல் குழம்பினால் பாதை ஓடாது, அன்றைக்கு அவனுடைய மேசை காலியாக இருக்கும். இப்போது கனடாவில் வைத்தியராக இருக்கிறான். இந்த மலரை வாசிப்பான் என்பதால் இதற்கு மேல் சொல்லவில்லை.

அப்புறம் அந்தப் பின்னேர வகுப்பு. எங்கள் பள்ளிக்கூடத்து மரவேலைக் கூடம் நினைவிருக்கிறதா? பாடசாலை விட்ட பிறகு அது பூட்டிக் கிடக்கவில்லை. கல்வித் திணைக்களத்தின் முறைசாராக் கல்விப் பிரிவு அதிலே வளர்ந்தவர்களுக்கு வகுப்பு நடத்தியது. ஒரு நாள் மின்னிணைப்பு வேலை, ஒரு நாள் தையல், ஒரு நாள் கணக்கு வைத்தல். என்னுடைய சின்னம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். முப்பது வயதுக்கு மேல், எங்கள் பஸ் திரும்பி வரும் நேரத்தில், அவர் எதிர்ப்பக்கமாக வகுப்புக்குப் போவார்.

ஒரு நாள் விளையாட்டு முடிந்து பிந்தியதால் அந்த வகுப்பை வாசலில் நின்று பார்த்தேன். தையல் ரீச்சர் சீமெந்து நிலத்தில் முழங்காலில் இருந்து, வெண்கட்டியால் ஒரு பள்ளிச் சட்டையின் அளவை முழு உருவமாகக் கீறிக்கொண்டிருந்தார். சுற்றிவர அம்மாமார், மாமிமார், கலியாணம் முடிக்காத அக்காமார். "கழுத்து அரை அங்குலம் இறக்கி வெட்டினா பிள்ளை வளரேக்கை அடுத்த வருசமும் போடலாம்" என்று அவர் சொல்ல, எல்லோரும் கொப்பியில் எழுதினார்கள். சின்னம்மா எழுத்துக் கூட்டித்தான் எழுதினார். பென்சிலை அவர் அழுத்திப் பிடித்திருந்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பிறகு எங்கள் பள்ளிக்கூடத்துச் சீருடைகளில் எத்தனையோ அவர் கையால் தைக்கப்பட்டன. கடன் கொப்பியும் அவரே ஒழுங்காக வைத்திருந்தார். 1991இல் காரைநகர் இடம்பெயர்ந்தபோது மெஷினின் தலையைக் கழற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டுதான் வெளிக்கிட்டார். போன இடத்தில் முதல் மாதச் சோற்றை அந்த மெஷின்தான் போட்டது. அந்த வகுப்புக்கு அரசாங்கம் செலவழித்தது ஒரு ரீச்சரின் சிறு கொடுப்பனவும் கொஞ்சம் மின்சாரமும். அதிலிருந்து ஒரு குடும்பம் தலைமுறைக்கும் நிமிர்ந்தது. இதைவிடப் பயனுள்ள செலவு எதையும் நான் கண்டதில்லை.

இளைஞர் கழகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டத்தோடு தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் ஊர் ஊராகக் கழகங்களைப் பதிவு செய்தது. எங்கள் கழகம் சனசமூக நிலையத்தின் விறாந்தையில் கூடியது. வொலிபோல் விளையாடினோம், கோயில் கேணியைத் துப்புரவாக்கினோம், முதலுதவி படித்தோம். எனக்கு அங்கே கிடைத்த பெரிய பயன், கூட்டம் நடத்தப் பழகியதுதான். நிகழ்ச்சி நிரல் போடுவது, கூட்டறிக்கை எழுதுவது, வரவு செலவு வாசிப்பது, எதிர்த்துப் பேசுபவனையும் முடிக்கும்வரை கேட்பது எல்லாம் பதினெட்டு வயதில் அங்கே வந்தவை. நமது சங்கத்தின் கூட்டறிக்கைகளை இத்தனை வருடம் எழுதி வந்தது அந்தப் பழக்கத்தால்தான். ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளிகளைத் தரப்படுத்தியதால் அந்தக் கதவு இறுகி, வேலையும் இல்லாமல் இருந்த ஒரு தலைமுறைக்கு அந்தக் கழகங்கள் போதவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த பிறகு விறாந்தையில் பேச்சு வேறு திசைக்குப் போய்விட்டது. அந்தக் கூட்டத்தில் இருந்த சிலர் இன்று இல்லை. அவர்களை நினைக்காமல் இந்தப் பத்தியை என்னால் எழுத முடியாது.

1984இல் லண்டனுக்கு வந்தேன். கையில் சான்றிதழ் இருந்தது, வாயில் ஆங்கிலம் போதவில்லை. அறையில் கூட இருந்த அண்ணை 'ஃபுளட்லைட்' என்ற தடித்த புத்தகத்தைத் தந்தார். உள் லண்டன் கல்வி அதிகாரசபையின் மாலை வகுப்புகளெல்லாம் அதில் வரிசையாக இருக்கும்: ஆங்கிலம், கணக்கியல், குழாய் வேலை, ஓவியம், கேட்டால் நடனமும். பகலில் பெற்றோல் நிலையம், இரவில் வகுப்பு. அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடக் கட்டடத்தில், பிள்ளைகளின் சின்னக் கதிரையில் இருந்து படித்தோம். எனக்கு அந்நியமாகவே படவில்லை. சின்னம்மா போன வகுப்பின் மூத்த சகோதரம் அது என்றே நினைத்தேன். 1990இல் அந்த அதிகாரசபையைக் கலைத்துவிட்டார்கள். வகுப்புகள் மாநகர சபைகளின் கைக்குப் போய், காலப்போக்கில் மெலிந்தன. நமக்குப் பிறகு வந்த எத்தனையோ பேர் அந்த உதவி இல்லாமல் தனியே தட்டுத்தடுமாறினார்கள் என்பது எனக்கு இன்றும் ஆற்றாமை.

இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் முதலே, எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை மூன்று மைலுக்கு அப்பால் இருந்தால், அதற்குக் குறைந்த வயதென்றால் இரண்டு மைலுக்கு அப்பால், போய்வரும் ஏற்பாடு உள்ளூர் கல்வி அதிகாரத்தின் பொறுப்பாக இருந்து வருகிறது. லண்டனில் 2005 முதல் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு பஸ் இலவசம். என் மகள் அந்த அட்டையைக் காட்டி ஏறுவதைப் பார்த்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. லண்டனில் ஓடி ஓய்ந்த லேலண்ட் இரட்டைத்தட்டு பஸ்களை ஒரு காலத்தில் நமது இ.போ.ச. வாங்கி இலங்கையில் ஓட்டியது. பஸ் இங்கிருந்து போனது. பிள்ளையை பஸ்ஸில் ஏற்றுவது அரசின் கடமை என்ற எண்ணமோ இரண்டு பக்கமும் இருந்தது.

இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், கடந்த பொதுக்கூட்டத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வான் வாங்கிக் கொடுப்போம் என்ற யோசனை வந்தது. நல்ல மனதோடு வந்த யோசனை. நான் அதற்கு உடன்படவில்லை, காரணத்தை இங்கே விளக்குகிறேன். வான் வாங்குவது லேசு. சாரதிக்குச் சம்பளம், டீசல், காப்புறுதி, டயர், திருத்த வேலை எல்லாம் மாதா மாதம் வரும். நம்மில் பலர் ஓய்வு வயதுக்கு வந்துவிட்டோம். பத்து வருடத்தில் அந்த வானுக்கு யார் பொறுப்பு? அதைவிட முக்கியமானது, நாம் வான் விட்டால் பஸ் விடவேண்டியவர்கள் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். நமது பள்ளிக்கூடத்துப் பிள்ளை வானில் போகும், பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை தெருவில் நிற்கும்.

2005இல் இலங்கையில் 'சிசு செரிய' என்ற பாடசாலை பஸ் சேவை தொடங்கியது. சலுகைக் கட்டணத்தில் மாணவருக்கென்றே ஓடும் பஸ். போன வருடம் ஊருக்குப் போனபோது அதிபரோடு பேசினேன். தூரத்துப் பிள்ளைகள் மேலதிக வகுப்புக்கு நிற்பதில்லை, பின்னேரம் வீடு போய்ச் சேரும் பயம்தான் காரணம் என்றார். அப்படியானால் எந்தத் தரிப்பிடத்தில் எத்தனை பிள்ளைகள், எத்தனை மணிக்கு என்று பள்ளிக்கூடம் ஒரு பட்டியல் எடுக்கட்டும். அதை வலயக் கல்வி அலுவலகத்தின் ஊடாகச் சாலை முகாமையாளருக்கு எழுத்தில் கொடுக்கலாம். ஒரு தடவை கொடுத்து ஓயாமல், பதில் வரும்வரை பழைய மாணவர் என்ற முறையில் நாமும் தொடர்ந்து எழுதவேண்டும். சீசன் ரிக்கற் காசையும் கட்ட முடியாத வீடுகள் இருந்தால் அதைச் சங்கம் கட்டலாம். வானின் விலையில் பல வருடத்துக்குப் போதும்.

இன்னொன்று. நாம் போன முறை கொடுத்த கணினிகள் இருக்கும் அறை பாடசாலை விட்டதும் பூட்டப்படுகிறது. வாரத்தில் இரண்டு பின்னேரம் அதை ஊர்ப் பெரியவர்களுக்கும் படிப்பை இடையில் விட்டவர்களுக்கும் திறந்துவிட அதிபர் சம்மதிக்கிறார். முறைசாராக் கல்விப் பிரிவிடம் போதனாசிரியர் ஒருவரைக் கேட்டுக் கடிதம் எழுதத் தயாராக இருக்கிறார். மின்சாரச் செலவையும் காவலாளியின் மேலதிக நேரக் கொடுப்பனவையும் சங்கம் ஏற்கவேண்டும் என்ற பிரேரணையை அடுத்த பொதுக்கூட்டத்துக்கு அனுப்பியிருக்கிறேன். வழிமொழிய ஒருவர் தேவை.