மருந்துச் சீட்டில் கஞ்சா

கஞ்சா என்றதும் முகம் சுளிப்பவர்கள், ஓபியத்திலிருந்து வந்த வலி மருந்தான மார்ஃபினுக்கு ஏன் சுளிப்பதில்லை?

1961ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கை கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து மிகக் கடுமையான நான்காம் பட்டியலில் வைத்தது. அதிலிருந்து நீக்க 2020 டிசம்பர் வரை ஆனது. உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தும் வாக்குகள் 27க்கு 25தான்! முதல் பட்டியலில் இன்றும் இருக்கிறது, ஆகவே கட்டுப்பாடு போய்விடவில்லை.

2018இல் அமெரிக்கா எபிடியோலெக்ஸ் மருந்துக்கு அனுமதி தந்தது. கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த கன்னாபிடையால் என்ற வேதிப்பொருள் அது, போதை தராது. வழக்கமான மருந்துகளுக்கு எளிதில் அடங்காத ட்ராவெட் போன்ற குழந்தைப் பருவ வலிப்பு நோய்களில் வலிப்புகளைக் குறைக்கிறது. அதே ஆண்டு, மருத்துவர்கள் கஞ்சா மருந்தை எழுதித்தரலாம் என்று பிரிட்டனில் சட்டம் மாறியதற்கு, இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் எழுப்பிய குரல் முக்கியக் காரணம். அமைச்சர்களுக்குப் புரிய வைத்தது ஆய்வறிக்கைகளைவிட அந்தத் தாய்மார்கள்தான் என்பேன்.

அதற்காக, கஞ்சா எண்ணெய் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விற்பவர்களை நம்பிவிடாதீர்கள். அதற்கு நம்பகமான சான்று இல்லை. கன்னாபிடையால் மருந்தும் கல்லீரலைப் பாதிக்கக்கூடும். வேறு மருந்துகளோடு மோதும். 2022இல் கஞ்சாவுக்குக் கதவை அகலத் திறந்த தாய்லாந்து, 2025இல் மருத்துவர் சீட்டு கட்டாயம் என்று திரும்பியது. எனக்கு அது சரியாகவே படுகிறது.