லிண்ட்சே பிரபுவின் ரெஜிமென்ட்: 24 பேரில் 16 பேர் தயார்

28 மில்லிமீட்டர் உயரச் சின்னப் பொம்மைகளாக நான் செய்துகொண்டிருக்கும் இந்த ஸ்காட்லாந்துக் காலாட்படை, ஃபைஃப் பகுதியில் திரட்டப்பட்டது. 1644 ஜனவரியில் ட்வீட் ஆற்றைக் கடந்து, மன்னர் முதலாம் சார்லஸுக்கு எதிராக இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்குத் துணையாகப் போன படையைச் சேர்ந்தது.

ஆரம்பத்திலேயே ஒரு தப்பு. ஸ்காட்லாந்து என்றதும் நான்கு பேருக்குக் கட்டம்போட்ட துணி வரைந்துவிட்டேன். இவர்கள் மலைநாட்டுக்காரர்கள் இல்லை, தாழ்நிலத்துக்காரர்கள். உடுத்தியது சாயம் போடாத சாம்பல்நிறக் கம்பளி, தலையில் நீலத் தொப்பி. அந்தப் பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, சாம்பலில் கொஞ்சம் பழுப்பைக் கலந்தேன். ஆளுக்கு ஆள் கலவையை மாற்றியதும்தான் கம்பளி மாதிரித் தெரிந்தது.

அடுத்தது ஈட்டி. இதில்தான் இரண்டு வாரம் போனது. 1644 ஜூலை 2 மாலை, யார்க் நகருக்கு அருகே மார்ஸ்டன் மூரில், நாடாளுமன்றப் படையின் வலப்பக்கக் குதிரைப்படை சிதறியது. நேச நாட்டுக் காலாட்படையிலும் பலர் ஓடினார்கள். எல்லாம் போயிற்று என்று நினைத்துத் ஸ்காட்லாந்துப் படையின் தளபதி லீவனே களத்தைவிட்டுப் போய்விட்டார். லிண்ட்சேயின் ஆட்களும், பக்கத்திலிருந்த மெயிட்லண்டின் ஆட்களும் மட்டும் அந்த இடத்தில் நிலைத்து நின்றார்கள். துப்பாக்கிக்காரர்களை ஈட்டிக்காரர்களுக்கு இடையே கலந்து நிறுத்தி, பாய்ந்து வந்த அரச தரப்புக் குதிரைப்படையை இரண்டு முறை பின்வாங்க வைத்தார்கள். மூன்றாவது பாய்ச்சலில் அந்தக் குதிரைப்படையை நடத்திய சார்லஸ் லூகாஸின் குதிரை செத்தது, அவர் சிறைப்பட்டார்.

இப்படிப்பட்டவர்கள் அணிவகுப்பில் நிற்பதுபோல ஈட்டியைச் செங்குத்தாகப் பிடித்திருந்தால் எனக்கு மனசு ஒப்பவில்லை. குதிரையை எதிர்க்கும்போது ஈட்டியின் அடியை வலது பாதத்தில் ஊன்றி, இடது முழங்காலை மடக்கி, முனையைக் குதிரையின் மார்புக்கு நேராகச் சாய்ப்பார்கள். வலது கை வாளை உருவும். முன்வரிசை ஆறு பேரின் கைகளையும் தோளில் வெட்டி, இந்த நிலைக்குத் திருப்பி ஒட்டினேன். இடது முழங்காலுக்குப் பின்னால் ஒரு சின்ன வெட்டுப் போட்டால் மடக்க வருகிறது.

பிளாஸ்டிக் ஈட்டி வளைந்துகொண்டே இருந்ததால் ஈர்க்குச்சிக்கு மாறினேன். நுனி தானாகவே மெலிந்து வருவதால் அசல் மாதிரியே இருக்கிறது. 15 முதல் 18 அடி ஈட்டிக்கு, இந்த அளவில் 80 மில்லிமீட்டர் சரியாக வருகிறது. சூப்பர் குளூவை மேலே ஒருமுறை தடவினால் விறைத்துக்கொள்ளும்.

மிச்சம் எட்டுத் துப்பாக்கிக்காரர்கள். அவர்களைத் தனி வரிசையாக இல்லாமல் ஈட்டிகளுக்கு நடுவே ஒட்டப்போகிறேன். அப்புறம் கொடி. அடித்தட்டின் வலது மூலையைக் காலியாக விட்டிருக்கிறேன், லூகாஸின் குதிரைக்கு.