அப்பாவின் குறுஞ்செய்திகள், அப்பாவின் சம்மதத்துடன்

மயிலாடுதுறைக்கு அருகே தனியாக வசிக்கும் என் அப்பாவின் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளை, அவருடைய சம்மதத்தின் பேரில், சென்னையில் என் மடிக்கணினியில் ஓராண்டாகப் பார்த்து வருகிறேன். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். வேறு சிலர் அதை எப்படிச் செய்வது என்று ஆவலோடு கேட்கிறார்கள். உண்மையில், சுளிப்பவர்களைவிடக் கேட்பவர்களைக் கண்டால்தான் எனக்குச் சற்றுப் பயமாக இருக்கிறது.

கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து அப்பா வீடு திரும்பியிருந்த நாட்களில், மின்கட்டணம் செலுத்தப்படாததால் அன்றிரவே இணைப்பு துண்டிக்கப்படும் என்றும், உடனே ஓர் எண்ணை அழைக்க வேண்டும் என்றும் ஒரு செய்தி வந்தது. எழுத்து சரியாகத் தெரியாததால் பக்கத்து வீட்டுப் பையனைப் படிக்கச் சொல்லியிருக்கிறார்; அவன்தான் மோசடி என்று தடுத்தான். நிறுவனங்களின் செய்திகள் சாதாரணப் பத்திலக்க எண்ணிலிருந்து வருவதில்லை, எழுத்துகளாலான பெயரிலிருந்தே வரும் என்பதும், 2025 முதல் அப்பெயரின் இறுதியில் விளம்பரத்துக்குப் பி, சேவைக்கு எஸ், பரிவர்த்தனைக்கு டி, அரசுச் செய்திக்கு ஜி என்று அடையாளம் இருக்கும் என்பதும் தெரிந்தவர்களுக்குப் பிரித்தறிவது எளிது. கண்ணே தெளியாதவருக்கு அந்த ஓரெழுத்து எங்கே தெரியப் போகிறது?

அப்பா 1973இல் தபால்காரராகச் சேர்ந்து, துறைத் தேர்வுகள் எழுதி, 2011இல் துணை அஞ்சலக அதிகாரியாக ஓய்வு பெற்றவர். பிறர் கடிதத்தைத் தொடுவது பற்றி அவருக்கு நான் பாடம் எடுக்க முடியாது. பணியிலிருந்த காலத்தில் நடப்பிலிருந்த 1898ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டத்தில், கடமைக்கு மாறாகக் கடிதத்தைப் பிரிக்கும் ஊழியருக்கு இரண்டாண்டுவரை சிறை என்று இருந்ததை இன்றும் சொல்வார். அதே மனிதர்தான், எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் கேட்டுக்கொண்டதால், சிங்கப்பூரிலிருந்து பிள்ளைகள் எழுதிய கடிதங்களைத் திண்ணையில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துக் காட்டியவர். ஆகவே, 'நான் பார்க்கட்டுமா அப்பா?' என்று கேட்டபோது, அவர் தயங்காமல் ஒரே நிபந்தனை விதித்தார்: "படிக்கச் சொன்னா படிக்கலாம்மா. ஆனா படிச்சதைப் படியிறங்கும்போதே மறந்துடணும்."

செய்முறை மிக எளிது. கூகுள் மெசேஜஸ் செயலியை அவர் கைப்பேசியில் திறந்து, என் கணினியின் திரையில் தெரிந்த கியூஆர் குறியீட்டை அவரே தம் கையால் ஸ்கேன் செய்தார். அவர் கைப்பேசியில் இணையம் இருக்கும்வரைதான் எனக்குச் செய்தி தெரியும். இரவு எட்டு மணிக்கு மேல் டேட்டாவை அணைத்துவிடும் பழக்கம் அவருக்கு இருப்பதால், அதன்பின் என் திரையும் உறங்கிவிடும். எந்தக் கணினி இணைந்திருக்கிறது என்பதை அவர் அதே செயலியில் பார்க்கலாம், நினைத்த நொடியில் துண்டிக்கலாம். உறவினர் ஒருவர், முதியவருக்கு இத்தனை சிரமம் எதற்கு, கண்ணுக்குத் தெரியாமல் இயங்கும் செயலி ஒன்றைப் போட்டுவிடு என்றார். ஆளுக்குத் தெரியாமல் வேவு பார்க்கும் செயலிகளை 2020 அக்டோபர் முதல் பிளே ஸ்டோரே அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும் நான் போட்டிருக்க மாட்டேன். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் தருவது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. வீட்டுக்குள் நடக்கும் இத்தகைய விஷயத்துக்கு அச்சட்டம் பொருந்தாது என்றாலும், அளவுகோலை இரவல் வாங்கிக்கொள்ளத் தடையில்லை.

பயன் இல்லாமல் இல்லை. நவம்பரில் ஆயுள் சான்றிதழ் பதிவானதை உறுதி செய்யும் செய்தி, மாதக் கடைசியில் ஓய்வூதியம் வரவான செய்தி, எரிவாயு சிலிண்டர் கொண்டுவருபவரிடம் சொல்ல வேண்டிய குறியீட்டு எண் ஆகியவற்றைத் தொலைபேசியில் படித்துக் காட்டுகிறேன். வங்கியின் ஓடிபிதான் சங்கடம். எவரிடமும் பகிராதே என்று வங்கி சொல்லும் எண், நான் கேட்காமலேயே என் திரையில் வந்து விழுகிறது. என் மடிக்கணினி தொலைந்தால் அப்பாவின் வங்கிக் கணக்குக்கான சாவியில் பாதி தொலைந்ததற்குச் சமம். அதனால் அலுவலகக் கணினியில் இதைத் திறப்பதே இல்லை. அவருடைய வைப்புத்தொகையை இந்த எண்ணோடு தொடர்பில்லாத வேறொரு கணக்குக்கு மாற்றிக்கொண்டோம்.

இவ்வளவு யோசித்த நான் ஓரிடத்தில் சறுக்கினேன். இணையம் இல்லாத பட்டன் போன் வைத்திருக்கும் அத்தை, அப்பாவிடம் கைமாற்றாகப் பணம் கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். அப்பாதான் எனக்குச் சம்மதம் தந்தவர், அத்தை அல்ல என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அன்று மாலை பேசும்போது, 'அத்தைக்குப் பணம் அனுப்பணும்னா நானே அனுப்பிடட்டுமாப்பா?' என்று உதவும் எண்ணத்தில் கேட்டுவிட்டேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. "இறங்கினப்புறமும் ஞாபகம் வெச்சிருக்கியேம்மா" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் என் திரை வெறுமையாக இருந்தது. அவரே இணைப்பைத் துண்டித்திருந்தார்.

பதினோரு நாள் கழித்து, நான் ஊருக்குப் போயிருந்தபோது, கேட்காமலேயே கைப்பேசியை எடுத்துவந்து மறுபடியும் ஸ்கேன் செய்து கொடுத்தார். அத்தையைப் பற்றி இருவரும் பேசவில்லை. மேசைமேல் அவர் முகவரி எழுதி, ஓரங்களை அழுத்தி ஒட்டிய இன்லண்ட் லெட்டர் ஒன்று இருந்தது; போகும் வழியில் பெட்டியில் போட்டுவிடச் சொன்னார்.