பெரிய பெயரா, சின்னப் பெயரா: காருக்கு இன்ஜின் ஆயில் வாங்கும்போது நான் பார்ப்பவை

சென்னை ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ உள்ள ஓர் உதிரிபாகக் கடையில் காருக்கு இன்ஜின் ஆயில் கேட்டால், கடைக்காரரின் கை பெரும்பாலும் கேஸ்ட்ரால், ஷெல், மொபில் ஆகியவற்றில் ஒன்றை நோக்கித்தான் முதலில் போகும். அடுத்த தட்டில் சர்வோ, மேக், ஹெச்பி, வீடால் போன்றவை இருக்கும். அவற்றுக்கும் கீழே, நம்மில் பலர் கேள்விப்பட்டே இராத பெயர்களில் சில கேன்கள் இருக்கும். தட்டு இறங்க இறங்க விலையும் இறங்கும். அந்த விலை வேறுபாட்டுக்கு ஏற்ற தர வேறுபாடு உள்ளே இருக்கும் எண்ணெயில் இருக்கிறதா என்பது நெடுநாளாக என்னை உறுத்தி வந்த கேள்வி. இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்த பிறகும், என் சொந்த பெட்ரோல் காருக்கு இரு வகையையும் மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்த பிறகும், கேனின் முன்பக்கப் பெயரைவிடப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் இரண்டு வரிகளைத்தான் நம்ப வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

இன்ஜின் ஆயில் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இது விளங்கும். ஒரு கேனில் முக்கால் பங்குக்கும் மேல் இருப்பது அடிப்படை எண்ணெய்; மீதி, தேய்மானத்தைத் தடுப்பது, கசடைக் கரைத்து வைத்திருப்பது, அமிலத்தை முறிப்பது, நுரையை அடக்குவது என்று ஆளுக்கொரு வேலை செய்யும் வேதிச் சேர்க்கைகள். அடிப்படை எண்ணெயைத் தயாரிக்கும் சுத்திகரிப்பு ஆலைகள் உலகில் குறைவு. நம் மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம் அவற்றுள் ஒன்று; உயர்தர வகைகளில் பெரும்பகுதி தென்கொரியாவிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் வருகிறது. சேர்க்கைகளைத் தயாரிப்பவர்கள் இன்னும் குறைவு: லூப்ரிசால், இன்ஃபீனியம், ஆஃப்டன், ஓரோனைட் ஆகிய நான்கு நிறுவனங்களே உலகத் தேவையின் பெரும்பகுதியை நிறைவு செய்கின்றன. சோதனையில் தேறிய கலவை விகிதத்தையும் அவர்களே வகுத்துத் தருகிறார்கள். ஆகவே, பெயர் தெரியாத ஒரு நிறுவனம் அதே வகை அடிப்படை எண்ணெயை வாங்கி, அதே சேர்க்கைத் தொகுப்பைச் சொன்ன அளவில் கலந்தால், பெரிய நிறுவனத்தின் ஆயிலுக்கு இணையான ஒன்றை உருவாக்க முடியாது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. சொன்ன அளவில்தான் ஒவ்வொரு முறையும் கலக்கிறார்களா என்பதுதான் நாம் கவலைப்பட வேண்டிய இடம்.

பின்பக்கத்து இரண்டு வரிகளில் ஒன்று பாகுநிலையை, அதாவது எண்ணெய் எவ்வளவு தடித்தது, எவ்வளவு இளகியது என்பதைக் குறிப்பது. 5டபிள்யூ-30 என்பதில் முதல் எண் கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு இளகி இருக்கும் என்பதையும், இரண்டாம் எண் 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு தடித்திருக்கும் என்பதையும் குறிக்கின்றன. 30 என்று அச்சிட, அந்த வெப்பநிலையில் பாகுநிலை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் (பாகுநிலையை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். இந்த வரம்பு எவ்வளவு அகலமானது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே 5டபிள்யூ-30 என்ற பெயரில் ஒரு நிறுவனம் 9.5-ஐயும் இன்னொரு நிறுவனம் 12-ஐயும் விற்கலாம். இரண்டுமே விதிக்கு உட்பட்டவைதாம். அதனால்தான் நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த ஆயிலுக்கான தகவல் தாள் கிடைக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன். தாளே வெளியிடாத நிறுவனத்தின் ஆயிலை, எத்தனை மலிவாகக் கிடைத்தாலும், நான் வாங்குவதில்லை.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-40 போன்ற தடித்த ஆயில்தான் தாங்கும் என்று பல மெக்கானிக் அண்ணன்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். மலிவான பெயர்களில் அதிகம் கிடைப்பதும் அதுதான். பழைய இன்ஜின்களோடு வளர்ந்த அனுபவத்தில் அவர்கள் சொல்வதை நான் மதிக்கிறேன். ஆனால் வெளியே 25 டிகிரியானாலும் 40 டிகிரியானாலும், தெர்மோஸ்டாட்டும் கூலன்டும் ஓடும் இன்ஜினின் வெப்பத்தை ஏறத்தாழ ஒரே நிலையில் வைத்திருக்கின்றன. இன்றைய இன்ஜின்களில் வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு குறுகிய துளைகள் வழியே வரும் ஆயில் அழுத்தத்தால் இயங்குகிறது. மாருதியின் அண்மைக்கால பெட்ரோல் இன்ஜின்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-16 என்ற மிக இளகிய ஆயிலே பரிந்துரைக்கப்படுகிறது. அப்படிப்பட்ட இன்ஜினில், எவ்வளவு புகழ்பெற்ற நிறுவனத்தின் 20டபிள்யூ-40-ஐ ஊற்றினாலும், சின்னப் பெயரின் சரியான 0டபிள்யூ-16-க்கு அது ஈடாகாது.

இரண்டாவது வரி தரக்குறியீடு. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐ, பெட்ரோல் இன்ஜின் ஆயில்களுக்கு எஸ் என்ற எழுத்தில் தொடங்கும் வகைகளை வகுத்திருக்கிறது. எஸ்என் 2010-இல் வந்தது, எஸ்பி 2020-இல் வந்தது. எஸ்பி வந்ததற்குக் காரணம் விளம்பரமல்ல. நேரடியாக எரிபொருள் பீய்ச்சும் டர்போ இன்ஜின்களில், குறைந்த வேகத்தில் அதிகச் சுமை ஏறும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் கோளாறு தலைகாட்டியது. அது கடுமையானால் பிஸ்டனே உடையும். ஆயிலில் கசடு நீக்கும் பொருளாகச் சேர்க்கப்படும் கால்சியம் இதைத் தூண்டுகிறது என்று ஆய்வில் தெரிந்தது. எனவே அதில் ஒரு பகுதிக்குப் பதிலாக மக்னீசியத்தைப் பயன்படுத்தும் கலவைகள் வந்தன. இந்தக் கோளாற்றுக்கான சோதனையோடு டைமிங் செயின் தேய்மானத்துக்கான சோதனையும் எஸ்பி-யில் சேர்ந்தது. ஹூண்டாயின் 1.0 டர்போ, ஃபோக்ஸ்வாகனின் 1.0 டிஎஸ்ஐ போன்ற இன்ஜின்களை வைத்திருப்பவர்கள் இந்த எழுத்துகளை அலட்சியப்படுத்தக் கூடாது. அடித்தட்டு கேன்களில் இன்றும் எஸ்எஃப் என்ற குறியீட்டைக் காண முடிகிறது. 1988-க்குப் பின் தயாரான பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு அது பொருந்தாது என்று ஏபிஐ-யே சொல்லிவிட்டது. கேனில் பந்தயக் காரின் படம் இருந்தாலும், பின்பக்கத்தில் எஸ்எஃப் என்றிருந்தால் அதை அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

எழுத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாமே என்று கேட்கலாம். ஏபிஐ-யிடம் உரிமம் பெற்றவர்கள் மட்டுமே அதன் வட்ட முத்திரையைக் கேனில் போடலாம். உரிமம் பெற்ற ஆயில்களின் பட்டியலை அக்கழகத்தின் இணையதளத்தில் யாரும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். அந்த உரிமம் கட்டாயமன்று என்பதால், முத்திரை இல்லாததெல்லாம் மட்டம் என்று நான் முடிவு கட்டுவதில்லை. கேள்விப்படாத பெயர் ஒன்று அந்தப் பட்டியலில் இருந்தால், அதைப் பற்றிய என் தயக்கத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது.

பெரிய பெயருக்கு மனமுவந்து கூடுதல் விலை கொடுக்க வேண்டிய இடங்களும் உண்டு. ஐரோப்பிய கார் நிறுவனங்கள் தங்கள் இன்ஜின்களுக்குத் தாங்களே சோதனை வைத்து, தேறிய ஆயிலுக்கு எழுத்துபூர்வமாக ஒப்புதல் தருகின்றன. ஃபோக்ஸ்வாகனின் 504 00, 508 00, மெர்சிடிஸின் 229.51 போன்றவை அந்த ஒப்புதல் எண்கள். ஒப்புதல் பெற்றது என்று எழுதுவதும், அந்தத் தேவைக்குப் பொருந்தும் என்று நிறுவனம் தானே எழுதிக்கொள்வதும் ஒன்றல்ல. இந்தச் சோதனைகளுக்குச் செலவழிக்கப் பெரிய நிறுவனங்களுக்குத்தான் பெரும்பாலும் முடிகிறது. அதேபோல், 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 என்ற வாகனப் புகை விதிக்குப் பிறகு டீசல் கார்களில் புகைத்துகள் வடிகட்டி வந்துவிட்டது. ஆயில் எரிந்து மிஞ்சும் சாம்பல் அதை நாளடைவில் அடைத்துவிடும் என்பதால், ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர் சங்கமான ஏசிஇஏ வகுத்த சி2, சி3 போன்ற சாம்பல் குறைந்த வகைகளையே ஊற்ற வேண்டும். அந்த வடிகட்டியை மாற்ற ஆகும் செலவை நினைத்தால், ஆயிலில் மிச்சம் பிடிக்கும் பணம் ஒன்றுமே இல்லை.

ஃபுல்லி சிந்தெடிக் என்ற அச்சுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. ஒரு காலத்தில் வேதிமுறையில் தொகுக்கப்பட்ட எண்ணெயைத்தான் அப்படி அழைத்தார்கள். கச்சா எண்ணெயிலிருந்து கடுமையாகச் சுத்திகரிக்கப்பட்ட மூன்றாம் வகை அடிப்படை எண்ணெயைப் பயன்படுத்தி கேஸ்ட்ரால் அதே பெயரில் விற்றபோது, மொபில் அதை எதிர்த்து அமெரிக்க விளம்பர முறையீட்டு அமைப்பிடம் போனது. 1999-இல் கேஸ்ட்ராலுக்குச் சாதகமாக முடிவு வந்தது. அதன் பிறகு பெரியவர், சிறியவர் எல்லாருமே மூன்றாம் வகையைக் கொண்டு சிந்தெடிக் தயாரிக்கிறார்கள். அது நல்ல எண்ணெய்தான். கத்தாரில் இயற்கை எரிவாயுவிலிருந்து ஷெல் தயாரிக்கும் அடிப்படை எண்ணெய் போன்ற உண்மையான தனித்தன்மைகளும் சந்தையில் இருக்கின்றன. ஆனால் பத்தாயிரம் கிலோமீட்டருக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது ஆயில் மாற்றும் சாதாரண பெட்ரோல் காருக்கு, ஒரே பாகுநிலையும் ஒரே தரக்குறியீடும் கொண்ட இரண்டு நல்ல சிந்தெடிக்குகளுக்கு இடையே ஓட்டுநர் உணரும் வேறுபாடு இருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆயில் மாற்றியதும் வண்டி பட்டுப்போல் ஓடுகிறது என்று நாம் சொல்வது பெரும்பாலும் பழைய ஆயில் வெளியேறியதன் பலன். காதால் ஆயிலை எடைபோட முடியாது. இறக்கிய ஆயிலை ஆய்வகத்தில் சோதித்து, அதில் இரும்பும் செம்பும் எவ்வளவு, பாகுநிலை எவ்வளவு சரிந்திருக்கிறது என்று பார்ப்பதே நேர்மையான ஒப்பீடு. அதில் சிலிக்கான் அதிகமாகத் தெரிந்தால், ஆயிலைக் குறை சொல்வதற்கு முன் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி புகுகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

பெரிய பெயர்களுக்கே உரிய ஓர் ஆபத்து போலி. விற்பனை அதிகமுள்ள பெயரைத்தான் போலி தயாரிப்பவர்கள் நாடுவார்கள். யாரும் கேட்காத பெயரைப் போலி செய்து அவர்களுக்கு ஆவதொன்றுமில்லை. ஆகவே மூடியின் முத்திரை வளையம் உடையாமல் இருக்கிறதா, கேனிலும் லேபிளிலும் உள்ள தொகுதி எண்கள் ஒத்துப்போகின்றனவா, தயாரித்த மாதமும் ஆண்டும் தெளிவாக அச்சாகியிருக்கின்றனவா என்று பார்க்கிறேன். பில் இல்லாமல் தள்ளுபடி தருகிறேன் என்றால் வேண்டாம் என்றுவிடுகிறேன். வாரன்டி உள்ள கார் என்றால் அந்த பில்லில் பாகுநிலையும் தரக்குறியீடும் எழுதப்பட்டிருப்பது நமக்குத்தான் பாதுகாப்பு.

என் பெட்ரோல் காருக்கு இப்போதெல்லாம் பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் சிந்தெடிக்கையே வாங்குகிறேன். மிச்சமாகும் சில நூறு ரூபாயில் கார் நிறுவனத்தின் அசல் ஆயில் ஃபில்டரையும், டிரெயின் போல்ட்டுக்குப் புதிய வாஷரையும் வாங்கிவிடுகிறேன். ஃபில்டரை விட்டுவிட்டு ஆயிலை மட்டும் மாற்றினால் அதில் தங்கிய பழைய ஆயில் புதியதோடு கலந்துவிடும். கேனை என் கண் முன்னே திறந்து ஊற்றச் சொல்கிறேன். காலி கேனை ஒர்க் ஷாப்பில் விட்டுவராமல், லேபிளைக் கிழித்து, அடிப்பக்கத்தில் ஆணியால் துளையிட்ட பிறகே பழைய பொருட்கள் வாங்குபவரிடம் போடுகிறேன். அதே கேனில் வேறெதையோ நிரப்பி இன்னொருவருக்கு விற்றுவிட அப்போது வழியிருக்காது.