ட்யூப் டிவிக்கு எந்த கேம் ஒயர்? முதலில் டிவியின் முதுகைப் பாருங்கள்

பிளேஸ்டேஷன் 2-க்கு நல்ல கேபிள் எது என்று கேட்டால் பாதி பதில்தான் சொல்ல முடியும். மீதிப் பாதி டிவியின் முதுகில் இருக்கிறது. டிவியைச் சுவரிலிருந்து இழுத்து, டார்ச் அடித்து, என்னென்ன சாக்கெட் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பக்கவாட்டிலும் முன்பக்க மூடிக்குள்ளும்கூட சில ஒளிந்திருக்கும்.

மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று என்று மட்டும் இருந்தால் காம்போசிட் படம், மோனோ ஒலி. 14 அங்குலச் சின்னப் பெட்டிகளில் பெரும்பாலும் இவ்வளவுதான். நாலு சிறு துளைகள் கொண்ட வட்டச் சாக்கெட் இருந்தால் அது எஸ்-வீடியோ. பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று வரிசையாக இருந்தால் காம்போனன்ட். ஃப்ளாட் ட்யூப் வந்த பிறகான 21, 29 அங்குலப் பெட்டிகள் பலவற்றில் டிவிடி பிளேயருக்காக இதை வைத்தார்கள். பக்கத்தில் ஒய், பிபி, பிஆர் அல்லது ஒய், சிபி, சிஆர் என்று அச்சடித்திருக்கும். நமக்கு இரண்டும் ஒன்றே. ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டியானால் 21 பின் கொண்ட அகலமான ஸ்கார்ட் சாக்கெட் இருக்கலாம்.

மஞ்சள் ஒயரில் என்ன குறை என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். அதில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் போகின்றன. நிறம், இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள பிஏஎல் முறையில் 4.43 மெகாஹெர்ட்ஸ் அலையிலும், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் உள்ள என்டிஎஸ்சி முறையில் 3.58 மெகாஹெர்ட்ஸ் அலையிலும் சவாரி செய்கிறது. போய்ச் சேர்ந்த பிறகு டிவி இரண்டையும் பிரிக்க வேண்டும். எந்த டிவியாலும் முழுதாகப் பிரிக்க முடியாது. விலை குறைந்த பெட்டி அந்த அலையை ஒட்டியுள்ள நுண்ணிய விவரங்களையும் சேர்த்து வெட்டிவிடுகிறது. எழுத்து மங்கலாகத் தெரிவது அதனால்தான். பிரியாமல் தப்பிய நிறம் வெளிச்சத்தில் கலந்தால் சிவப்புக் கட்டத்தின் ஓரத்தில் புள்ளிகள் எறும்பு போல ஊரும். தப்பிய வெளிச்சம் நிறத்தில் கலந்தால் நெருக்கமான கோடுகளில் வானவில் பூசினாற்போல் இருக்கும்.

எஸ்-வீடியோவில் வெளிச்சம் ஒரு கம்பி, நிறம் இன்னொரு கம்பி. பிரிக்கும் வேலையே கிடையாது. ட்யூப் டிவியில் கண்ணுக்குத் தெரியும் மிகப் பெரிய முன்னேற்றம் இந்த ஒரு படியில்தான் கிடைக்கிறது. அங்கிருந்து காம்போனன்ட்டுக்கோ ஆர்ஜிபிக்கோ (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனிக் கம்பியில், ஸ்கார்ட் வழியாக) போனால் சிவப்பும் நீலமும் இன்னும் கூர்மையாகும். ஆனால் 21 அங்குலத் திரையில், ஆறடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும்போது அந்த வித்தியாசம் சிறிது. டிவியில் எஸ்-வீடியோ மட்டும் இருக்கிறதே என்று யாரும் வருந்த வேண்டாம்.

இனி கன்சோல்கள். பிளேஸ்டேஷன் 1, 2, 3 மூன்றிலும் பின்புறச் சாக்கெட் ஒரே வடிவம், அதே கேபிள் மூன்றிலும் நுழையும். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். முதல் பிளேஸ்டேஷன் காம்போனன்ட் சிக்னலே தருவதில்லை. காம்போனன்ட் கேபிள் அதில் பொருந்தும், படம் வராது. அதற்குக் காம்போசிட், எஸ்-வீடியோ, ஆர்ஜிபி மூன்று மட்டும். ஸ்கார்ட் இல்லாத டிவியில் எஸ்-வீடியோதான் அதற்குச் சிறந்த வழி.

பிளேஸ்டேஷன் 2 நான்கையும் தரும். காம்போனன்ட் கேபிளைச் செருகியதும் நிறம் கெட்டோ, படம் நிற்காமலோ வந்தால் கேபிளைக் குறை சொல்ல வேண்டாம். முதலில் மஞ்சள் ஒயரை மாட்டுங்கள். கன்சோலின் சிஸ்டம் கான்ஃபிகரேஷனுக்குள் போய், ‘காம்போனன்ட் வீடியோ அவுட்’ என்ற வரியை ஆர்ஜிபியிலிருந்து ஒய் சிபி/பிபி சிஆர்/பிஆர் என்பதற்கு மாற்றுங்கள். பிறகு அணைத்துவிட்டுக் காம்போனன்ட் கேபிளை மாட்டலாம். காம்போசிட் படம் அந்த அமைப்பு எதில் இருந்தாலும் வரும், அதனால் பழைய மஞ்சள் ஒயரைத் தூக்கி எறியாமல் வையுங்கள். பழைய பிளேஸ்டேஷன் 1 வட்டுகளை இதே பிளேஸ்டேஷன் 2-இல் காம்போனன்ட் வழியாக ஓட்டலாம். அப்போது வருவது 240 வரிப் படம். புதிய எல்சிடி டிவிகளில் பல இதை ஏற்காமல் திணறும்; ட்யூப் டிவி எந்தப் புகாரும் இல்லாமல் காட்டும்.

சில பிளேஸ்டேஷன் 2 கேம்களைத் தொடங்கும்போது முக்கோணத்தையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் புரோகிரசிவ் ஸ்கேன் (480பி, எல்லா வரிகளையும் ஒரே மூச்சில் வரையும் முறை) வேண்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். 480பி படத்துக்கு டிவி ஒரு விநாடிக்குச் சுமார் 31,500 வரிகள் வரைய வேண்டும். சாதாரண ட்யூப் டிவி ஏறக்குறைய 15,700 வரிகள்தான் வரையும். படம் இரண்டாகக் கிழிந்தாற்போல் வந்தால் அப்படியே விட்டுவைக்காமல் உடனே அணைத்துவிடுங்கள்.

பிளேஸ்டேஷன் 3-ஐ முன்பு எச்டிஎம்ஐயில் பயன்படுத்தியிருந்தால் ஏவி ஒயரில் திரை கறுப்பாகவே நிற்கும். கன்சோலை அணைத்து, பவர் பட்டனை இரண்டாவது பீப் ஒலி கேட்கும்வரை அழுத்திப் பிடித்தால் வீடியோ அமைப்பு ஆரம்ப நிலைக்குத் திரும்பும். ஆனால் இதன் கேம்களில் எழுத்து 720 வரித் திரையை மனத்தில் வைத்து வரையப்பட்டது. ட்யூப் டிவியில் எந்தக் கேபிள் போட்டாலும் சின்ன எழுத்துகளைப் படிப்பது சிரமம். எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் இதே கதைதான். இவற்றுக்காக விலை கூடிய கேபிள் வாங்கப் பரிந்துரைக்க மாட்டேன்.

நின்டென்டோவில் சூப்பர் நின்டென்டோ, என்64, கேம்க்யூப் மூன்றுக்கும் ஒரே சாக்கெட். அமெரிக்கப் பதிப்புகளானால் ஒரே எஸ்-வீடியோ கேபிள் மூன்றுக்கும் ஓடும். விதிவிலக்கு, பிற்காலத்தில் வந்த சிறிய வடிவச் சூப்பர் நின்டென்டோ. அதில் உள்ளே சால்டர் செய்யாமல் எஸ்-வீடியோ வராது. பிஏஎல் கேம்க்யூப்பிலும் அதற்கு அடுத்து வந்த பிஏஎல் வீயிலும் (Wii) எஸ்-வீடியோ கிடையாது, அதற்குப் பதில் ஆர்ஜிபி உண்டு. வீ வைத்திருப்பவர்கள் டிவியில் காம்போனன்ட் இருந்தால் யோசிக்காமல் அதை வாங்கலாம். மாட்டிய பிறகு அமைப்பில் ‘480ஐ’ (480i) என்பதிலேயே இருக்கட்டும். ஈடிடிவி (480பி) என்று மாற்றினால் படம் போய்விடும்.

சேகாவின் மெகா டிரைவ் தனி வழக்கு. காம்போசிட் படம் மிகவும் கலங்கலாக இருக்கும், பல கேம்களில் செங்குத்து வானவில் பட்டைகள் தெரியும். எஸ்-வீடியோ வெளியீடு கிடையாது. ஆனால் சுத்தமான ஆர்ஜிபி உள்ளேயே தயாராக இருக்கிறது. ஸ்கார்ட் இல்லாத வீட்டில் ஆர்ஜிபியைக் காம்போனன்ட்டாக மாற்றும் மின்சுற்றுப் பெட்டி ஒன்று வேண்டும். வெறும் ஒயர் அடாப்டர் இந்த மாற்றத்தைச் செய்யாது, செய்யும் என்று சொல்லி விற்பதை நம்ப வேண்டாம். ஒன்றையும் சொல்ல வேண்டும்: அந்தக் காலக் கலைஞர்கள் காம்போசிட்டின் கலங்கலை நம்பியே சில காட்சிகளை வரைந்தார்கள். சோனிக் கேமின் அருவி மஞ்சள் ஒயரில் கண்ணாடி போலத் தெரியும். ஆர்ஜிபியில் அது வெறும் செங்குத்துக் கோடுகள். எது அழகு என்பதை அவரவர் கண்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஸ்கார்ட் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. ஜப்பானிய 21 பின் ஆர்ஜிபி கேபிள் ஐரோப்பிய ஸ்கார்ட்டின் அதே உருவம், உள்ளே பின் இணைப்பு வேறு. ஒன்றை மற்றதில் செருகக் கூடாது. அதோடு, பிஏஎல் சூப்பர் நின்டென்டோவுக்கும் என்டிஎஸ்சி பதிப்புக்கும் ஆர்ஜிபி கேபிளுக்குள் இருக்க வேண்டிய பாகங்களே வேறு: முன்னதற்கு 75 ஓம் ரெசிஸ்டர்கள், பின்னதற்கு 220 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர்கள். எந்த நாட்டுக் கன்சோல் என்று சொல்லித்தான் வாங்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து வந்த கன்சோல், இந்தியாவில் வாங்கிய பிஏஎல் மட்டும் உள்ள டிவி என்றால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், அல்லது மேல்நோக்கி உருண்டுகொண்டே இருக்கும். கறுப்பு வெள்ளைக்குக் காரணம் அந்த 3.58 மெகாஹெர்ட்ஸ் அலையை டிவி அறியாதது. எஸ்-வீடியோவிலும் நிறம் அதே அலையில்தான் வருகிறது, ஆகவே எஸ்-வீடியோ கேபிள் இதைத் தீர்க்காது. காம்போனன்ட்டில் அப்படி ஓர் அலையே இல்லை. டிவி 60 ஹெர்ட்ஸில் படத்தை நிறுத்தினால் போதும், நிறம் முழுதாக வரும். உருள்வது வேறு கோளாறு: அது 60 ஹெர்ட்ஸையே டிவி பிடிக்கவில்லை என்று பொருள், எந்தக் கேபிளும் உதவாது. வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த மல்டி சிஸ்டம் டிவிகள் வீட்டில் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. படத்தைக் கவனிக்கும் அவசரத்தில் கரண்டை மறந்துவிடாதீர்கள். 120 வோல்ட் என்று மட்டும் எழுதியுள்ள கன்சோலையோ அடாப்டரையோ நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கேபிளுக்கே வேலை இருக்காது.

ஆன்டெனா ஒயர் வழியாக ஆர்எஃப் மட்டும் தரும் பழைய கன்சோல்களுக்கு வேறு வழியில்லை. படம் தெளிவாகவும் ஒலி வெறும் இரைச்சலாகவும் வந்தால், டிவியின் ஒலி முறையை பி/ஜியிலிருந்து எம் என்பதற்கு மாற்றிப் பாருங்கள். நம் முறையில் ஒலி படத்திலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும், அமெரிக்க, ஜப்பானிய முறையில் 4.5.

கேபிளின் தரம் பற்றிக் கடைகளில் தங்க முலாம் என்று காட்டுவார்கள். இரண்டு மீட்டர் நீளத்தில் அதனால் படம் மாறாது. பார்க்க வேண்டியது உள்ளே ஒவ்வொரு வீடியோ கம்பிக்கும் தனித் தனி உறை இருக்கிறதா, அது 75 ஓம் கோஆக்ஸியலா என்பது. மெல்லிய ஒயர்களை உறையில்லாமல் ஒரே ரப்பருக்குள் திணித்திருந்தால் ஒன்றின் சிக்னல் இன்னொன்றில் கசியும்: ஸ்பீக்கரில் ‘கர்ர்’ ஒலி, அதுவும் திரை வெள்ளையாகும்போது கூடும்; படத்தில் சாய்கோடுகள். ஒவ்வொரு ஒயரும் கடைசிவரை தனித்தனியாகத் தடித்து நிற்கும் கேபிள், தட்டையாகவும் நூல் போலவும் இருப்பதைவிடப் பெரும்பாலும் மேல்.

எஸ்-வீடியோவில் போலிகள் உண்டு. பிளக் எஸ்-வீடியோ, உள்ளே வெளிச்சக் கம்பியில் காம்போசிட் சிக்னலையே இணைத்திருப்பார்கள். கண்டுபிடிப்பது எளிது: அடர்ந்த சிவப்பு எழுத்தின் ஓரத்தை அருகில் போய்ப் பாருங்கள். எஸ்-வீடியோவில் புள்ளிகள் ஊரவே கூடாது. ஊர்ந்தால் கேபிளைத் திருப்பிக் கொடுங்கள். டிவி மெனுவில் எஸ்-வீடியோவைத் தனியாகத் தேர்வு செய்ய வேண்டிய மாடலா என்பதை மட்டும் அதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

காம்போனன்ட் கேபிளில் ஐந்து பிளக், அதில் இரண்டு சிவப்பு. ஒன்று படத்துக்கு, மற்றது வலது ஒலிக்கு. மாற்றிச் செருகினால் படத்தில் சிவப்பு செத்துப்போய் எல்லாம் பச்சை நீலமாகத் தெரியும், ஒலியில் இரைச்சல் வரும். பச்சை, நீலத்தோடு ஒட்டிப் பிறந்த சிவப்பு எது, வெள்ளையோடு வருவது எது என்று ஒயரைப் பின்னோக்கித் தடவிப் பார்த்தாலே தெரியும். பச்சை பிளக்கை மட்டும் டிவியின் மஞ்சள் சாக்கெட்டில் செருகினால் நல்ல கறுப்பு வெள்ளைப் படம் வரவேண்டும். கன்சோல் காம்போனன்ட் தருகிறதா என்று சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை.

ஒரே கன்சோலை இரண்டு டிவியில் காட்ட வீடியோ ஒயரில் ஒய் வடிவப் பிரிப்பான் போடாதீர்கள். டிவி சாக்கெட்டின் நடுப் பின்னுக்கும் வெளி வளையத்துக்கும் இடையில் 75 ஓம் இருக்கும். இரண்டு டிவி சேர்ந்தால் அது 37.5 ஆகி, படம் இருண்டுவிடும். மோனோ டிவிக்கு வேறு தீர்வு: கேமின் ஒலி அமைப்பில் மோனோ இருந்தால் தேர்ந்தெடுத்து வெள்ளையை மட்டும் மாட்டுங்கள். அது இல்லாத கேமுக்கு இடது, வலது ஒயர் ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து ஒன்றாக இணைக்கலாம்.

துப்பாக்கி விளையாட்டுப் பிரியர்களுக்குக் கடைசியாக ஒன்று. பிளேஸ்டேஷன் 1, 2-இன் கன்கான் துப்பாக்கிகள் ட்யூப் டிவியில்தான் வேலை செய்யும், அவற்றின் ஒயரை மஞ்சள் காம்போசிட் இணைப்போடு கோக்க வேண்டும். ஆகவே எஸ்-வீடியோ கேபிள் வாங்கும்போது கூடவே ஒரு மஞ்சள் பிளக்கும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். படம் எஸ்-வீடியோவில் போகும், மஞ்சள் துப்பாக்கிக்குப் போகும். புதிய கேபிளில் முதல் முறை போடும்போது டிவியின் ஷார்ப்னஸைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். மஞ்சள் ஒயரின் மங்கலைச் சரிக்கட்ட ஏற்றி வைத்த அளவு இப்போது எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போடும்.