ஊருக்கு ஒரு சூரியன் வைத்தால் பில் யார் பேரில்?

நான் சேகோ, அதாவது ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். ஆத்தூர் ரோட்டுப் பக்கம் சில ஆலைகளின் மின்கட்டண பில் மாதாமாதம் என் மேஜை வழியாகத்தான் போகும். இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகனுக்கு இப்போது அணுக்கரு இணைவு, அதாவது சூரியனில் நடப்பதுபோல லேசான அணுக்கருக்களைச் சேர்த்து மின்சாரம் எடுக்கும் ஃபியூஷன் பைத்தியம். "ஊருக்கு ஊர் ஐம்பது மெகாவாட்ல ஒரு ஃபியூஷன் ஆலை வெச்சுட்டா போதும் மாமா, அப்புறம் ஈபியே வேண்டாம். எரிபொருள் தண்ணியிலயே இருக்கு" என்கிறான்.

இருக்கிறதுதான். ஒரு கன மீட்டர் கடல் நீரில், எரிபொருளாகும் கன ஹைட்ரஜனான டியூட்டீரியம் சுமார் 33 கிராம் உண்டு. ஆனால் எரிபொருளுக்குச் செலவில்லாத தொழிலில் வட்டிதான் முதலாளி. ஒரு பேச்சுக்கு அந்த ஐம்பது மெகாவாட் ஆலையின் விலை 3,000 கோடி என்று வைத்தேன். 9 சதவீதம் என்றால் ஆண்டு வட்டி 270 கோடி. வருஷத்தில் 80 சதவீத நேரம் ஓடினால் 35 கோடி யூனிட் வரும். வட்டி மட்டுமே யூனிட்டுக்கு 7 ரூபாய் 70 காசு. அசல், சம்பளம், உதிரி பாகம் எல்லாம் தனி. ஓட்டம் பாதியானால் 15 ரூபாய் 40 காசு. சூரிய மின்சார டெண்டர்கள் இரண்டரை ரூபாய் சுமாருக்குப் போகிற நாடு இது. ராத்திரிக்கு அது உதவாது, ஒப்புக்கொள்கிறேன். "ஆயிரம் கோடிக்கே வந்துரும் மாமா" என்றான். சரி, அப்போது வட்டி 2 ரூபாய் 57 காசு. வரட்டும்.

எனக்கு உறுத்துவது அந்த 'ஈபியே வேண்டாம்'தான். குச்சிக்கிழங்கை (மரவள்ளியை) அரைத்து மாவு படிந்தபின் வடியும் கழிவுநீரைத் தொட்டியில் மூடி வைத்து, அதில் வரும் வாயுவில் ஜெனரேட்டர் ஓட்டும் ஆலைகள் இங்கே உண்டு. அப்படி ஒன்றின் கணக்கு என்னிடம் இருக்கிறது. சீசனில் ஈபி மீட்டர் பேருக்குத்தான் நகரும். ஆனாலும் ஈபியிடம் அனுமதி வாங்கி வைத்த உச்ச அளவில் (கேவிஏ கணக்கு) 90 சதவீதத்துக்காவது டிமாண்ட் சார்ஜ் என்ற மாதக் கட்டணம் கட்டியாக வேண்டும், தொட்டாலும் தொடாவிட்டாலும். போன சீசனில் ஒரு சாயங்காலம் என்ஜின் நின்றுவிட்டது. மாவு ஈரமாகக் காத்திருக்க முடியாதே. மொத்த மோட்டாரையும் ஈபிக்கு மாற்றினார்கள். அனுமதித்த அளவைத் தாண்டி முள் ஏறி, மறுநாளே இறங்கிவிட்டது. பில்லில் மட்டும் அந்த உச்சம் மாதம் முழுக்க நின்றது. வாயுவில் மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அதற்கே போயிற்று.

ஊருக்கு ஒரே ஃபியூஷன் ஆலை என்றாலும் இதே கதைதான். ஃபியூஷனில் தெறிக்கும் நியூட்ரான்கள் உட்சுவரை அரித்துக்கொண்டே இருக்கும். அவ்வப்போது நிறுத்தி, ரோபோக் கைகளை விட்டுச் சுவரை மாற்ற வேண்டும். அந்த வாரங்களில் ஊர் இருட்டில் இருக்குமா? முழு ஊருக்குமான ஈபி லைனும் டிரான்ஸ்ஃபார்மரும் தயாராக நிற்க வேண்டும். நிற்பதற்கும் காசு.

சின்னதாகச் செய்வதும் லேசில்லை. 14 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு பாயும் நியூட்ரானைத் தடுத்து வெப்பமாக்க ஒரு மீட்டர் கனத்துக்குச் சுவர் வேண்டும். ஆலை ஐம்பது மெகாவாட் ஆனாலும் ஐந்நூறு ஆனாலும் அந்தக் கனம் குறையாது. புது வகைக் காந்தங்களால் கருவி சுருங்கியிருக்கிறது என்கிறார்கள். ஆனால் அமெரிக்காவின் காமன்வெல்த் ஃபியூஷன் நிறுவனம் வர்ஜீனியாவில் திட்டமிடுவதே 400 மெகாவாட். டியூட்டீரியத்தோடு இணைய வேண்டிய இன்னொரு ஹைட்ரஜன் வகையான டிரிட்டியம் இன்னொரு தலைவலி. ஐம்பது மெகாவாட் மின்சாரத்துக்கு ஆண்டுக்கு எட்டு கிலோ பக்கம் எரியும். உலகத்தில் ராணுவம் தவிர்த்து இருக்கிற கையிருப்பே முப்பது கிலோவுக்குள்தான். லித்தியத்திலிருந்து ஆலையே விளைவித்துக்கொள்ள வேண்டும். அதை யாரும் இன்னும் முழு அளவில் செய்து காட்டவில்லை.

மருமகனின் துருப்புச்சீட்டு ஹீலியான் என்ற அமெரிக்க நிறுவனம். டிரிட்டியத்துக்குப் பதில் ஹீலியம்-3 எரிக்கும் வழி, 50 மெகாவாட், 2028-ல் மைக்ரோசாஃப்டுக்குத் தருவதாக ஒப்பந்தம். அளவு ஊருக்குப் பொருத்தம்தான். ஆனால் இன்றுவரை எந்த ஃபியூஷன் கருவியும் ஒரு யூனிட் மின்சாரம் விற்றதில்லை. 2022 டிசம்பரில் அமெரிக்க லேசர் சோதனையில் லேசர் ஒளியாக 2.05 மெகாஜூல் ஆற்றல் போட்டு 3.15 எடுத்தார்கள், பெரிய சாதனை. அந்த லேசர்களைச் சுட கிரிட்டிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல். வரவை மட்டும் எழுதி செலவுப் பக்கத்தைக் கிழித்த கணக்கு என்று நான் சொன்னதில் பையனுக்குக் கோபம்.

வந்தால் எங்கே வைப்பது என்று கேட்டால் என் பதில் மேட்டூர். 1987 முதல் ஓடும் அனல் மின் நிலையம் 840 மெகாவாட், பக்கத்தில் புதுசு 600. பழைய யூனிட்டுகள் எப்படியும் ஒருநாள் ஓய்வு பெறும். குளிர்விக்கக் காவிரித் தண்ணீர், உயர் அழுத்த லைன், சப்-ஸ்டேஷன், டர்பைன் தெரிந்த ஆட்கள் எல்லாம் அங்கேயே இருக்கிறார்கள். நிலம் எடுக்கிற சண்டையும் கிடையாது. ஆத்தூருக்கும் ஏற்காட்டுக்கும் இப்போது வருகிற கம்பியிலேயே வரட்டும். மலையில் சில்வர் ஓக் சாய்ந்து கம்பி அறுந்தால், அதைக் கட்ட லைன்மேன்தான் மழையில் ஏறிப் போக வேண்டும். அதற்கு மருமகனிடம் இன்னும் திட்டம் ஏதும் இல்லை.