அறுபதுன்னா எங்கிருந்து அறுபது?

அளவு பார்க்கும் மெஷினில் பீஸைத் தொட்டு அளக்கும் கருவியான ப்ரோப் எதிலாவது இடிக்கும்போது பெரிய சத்தமெல்லாம் வராது. 'டக்' என்று, மேசையில் பேனா விழுந்த மாதிரி ஒன்று கேட்கும். அப்புறம் மெஷின் நின்றுவிடும், திரையில் சிவப்புப் பெட்டி வரும். நான் திரும்பிப் பார்த்தபோது டிபி20 என்ற அந்த ப்ரோப்பின் கீழ்ப்பகுதியான மாட்யூல் காந்தப் பிடியிலிருந்து கழன்று, பீஸைப் பிடித்து வைக்கும் ஃபிக்சர் தட்டில் கிடந்தது. மாட்யூலில் மாட்டியிருந்த ஊசி போன்ற ஸ்டைலஸ் தண்டு வளைந்திருந்தது. அதன் நுனியிலுள்ள ரூபி உருண்டையில் நகத்தால் தடவினால் தெரிகிற அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. மாட்யூல் கழன்றதால் மேலே இருந்த ப்ரோப் உடலும் அதைத் தாங்கித் திருப்பும் தலையும் தப்பின. அந்தக் காந்தப் பிடியே இதற்காகத்தான் இருக்கிறது என்று அன்றுதான் மனதில் பதிந்தது.

கோவையில் குறிச்சி சிட்கோ பக்கம் ஒரு மெஷினிங் யூனிட்டில் சிஎம்எம், அதாவது பாகங்களைத் தொட்டு அளக்கும் அந்த மெஷினைப் பார்த்துக்கொள்கிறேன். அன்று ஏறியிருந்தது அலுமினிய கியர் ஹவுசிங். நான் எழுதிய புரோகிராம்தான், மூன்று வாரமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதனால் முதலில் மெஷின் மேல் சந்தேகம், அடுத்து பீஸைச் சரியாக வைக்கவில்லை என்று ஆபரேட்டர் தம்பி மேல் சந்தேகம். என் மேல் சந்தேகம் வரவே இல்லை.

காலையில் சீனியர் அண்ணா வந்தார். புரோகிராமை மேலிருந்து கீழே ஒருமுறை உருட்டிப் பார்த்தவர், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும்போது ப்ரோப் ஏறிப் போகும் பாதுகாப்பு உயரமான கிளியரன்ஸில் நின்று கேட்டார்: "தம்பி, கிளியரன்ஸ் அறுபதுன்னு போட்டிருக்கீங்க. அறுபதுன்னா எங்கிருந்து அறுபது?"

"டேட்டம் ஏ-ன்னு ஆதாரமா வெச்ச மேல் முகத்திலிருந்துங்கண்ணா."

"இந்த வரியிலயுமா?"

அந்த வரிக்கு மேலே, பூஜ்யம் எங்கே என்று மெஷினுக்குச் சொல்லும் அலைன்மென்ட் இரண்டாவதாக ஒன்று போட்டிருந்தேன். பேரிங் உட்காரும் துளையான போரின் அடிமுகத்தை உயரத்துக்கான Z பூஜ்யமாக வைத்தால் டிராயிங்கில் உள்ள அளவுகள் நேராக வரும் என்று செய்த வசதி. அந்த அடிமுகம் மேல் முகத்திலிருந்து 42 மிமீ ஆழத்தில் இருக்கிறது. எங்கள் மென்பொருளில் கிளியரன்ஸ் பிளேன் அப்போது நடப்பில் உள்ள பூஜ்யத்தையே பின்பற்றும். பூஜ்யம் 42 இறங்கியதும் என் 60-உம் கூடவே இறங்கிவிட்டது. மேல் முகத்துக்கு மேலே மிச்சம் 18. அதுவும் உருண்டையின் மையத்துக்குத்தான். 3 மிமீ ரூபி என்பதால் அடிப்பக்கம் இன்னும் ஒன்றரை குறையும், ஆக 16.5.

பீஸை இறுக்கிப் பிடிக்கும் பழைய கிளாம்ப்பின் தலை மேல் முகத்திலிருந்து 12 மிமீ உயரம். நாலரை மில்லி இடைவெளியில் மூன்று வாரம் தாண்டிப் போயிருக்கிறது, எனக்குத் தெரியாமலே. அந்த வாரம் ஃபிக்சரில் கிளாம்ப்பை மாற்றியிருந்தார்கள். புதிய தலை 25. கேட்பானேன்.

கணினியில் வரைந்த CAD மாடலில் சிமுலேஷன் ஓட்டிப் பார்த்தாயே என்று கேட்கலாம். ஓட்டினேன். அதில் ஹவுசிங் இருந்தது. ஃபிக்சர் இல்லை, கிளாம்ப் இல்லை. வெறும் பீஸ் அந்தரத்தில் மிதந்துகொண்டிருக்க, ப்ரோப் அழகாகப் போய் வந்தது.

தொட்டதும் சிக்னல் தரும் இந்த வகை ப்ரோப்பை டேவிட் மக்மர்ட்ரி 1972-இல் உருவாக்கியது, கான்கார்டு விமானத்தின் ஒலிம்பஸ் என்ஜினில் மெல்லிய எரிபொருள் குழாய்களை அளப்பதற்காக. மென்மையாகத் தொட்டு விலகுவது அதன் பிறவிக் குணம். ஆனால் போகிற வழியில் என்ன நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. வழி நாம் சொல்வதுதான்.

புதுத் தண்டு மாட்டி, ஐந்து கோணங்களுக்கும் ரெஃபரன்ஸ் உருண்டையில் மறுபடி கேலிபரேஷன் முடிக்கவே பாதி நாள் போனது. அப்புறம் அண்ணா என்னைக் கணினியில் உட்கார விடவில்லை. ஒரு தாளைக் கொடுத்து, பக்கவாட்டுத் தோற்றத்தை வரையச் சொன்னார். மெஷினின் கிரானைட் மேசை, ஃபிக்சர் தட்டு, பீஸ், கிளாம்ப், எது எவ்வளவு உயரம் என்று ஹைட் கேஜ் வைத்து அளந்து எழுதினேன். சின்னப் பிள்ளை வேலை மாதிரி இருந்தது. ஆனால் வரைந்து முடிப்பதற்குள் இடிக்கக் காத்திருந்த இன்னும் இரண்டு இடங்கள் தெரிந்தன.

ஒன்று பக்கவாட்டுத் துளை. அங்கே ப்ரோப் படுத்த நிலையில், தலையை 90 டிகிரி சாய்த்த A90-இல் போகும். உள்ளே அளந்து முடித்ததும் 'கிளியரன்ஸ் பிளேனுக்குப் போ' என்று எழுதியிருந்தேன். பிளேன் இருப்பது மேலே, Z-இல். துளைக்குள் நுழைந்த ஸ்டைலஸ் நேராக மேலே கிளம்பினால் என்ன ஆகும்? துளைக்கு வெளியே ஒரு ஹிட், அதாவது ஒரு தொடல், கூடுதலாக எடுத்திருந்ததால் மட்டுமே அது இதுவரை பிழைத்திருந்தது. இப்போது ஒவ்வொரு பக்கத் துளைக்கும், நுழைந்த திசையிலேயே பின்வாங்கி வெளியே வந்து நிற்க ஒரு மூவ் பாயின்ட், அதற்கப்புறம்தான் மேலே.

இன்னொன்று, பாகம் இடம் பிசகாமல் நிறுத்தும் டவல் பின்னுக்கான 4 மிமீ துளை. அதற்கு 2 மிமீ ரூபி. உருண்டை உள்ளே ஆட இருக்கும் இடம் மொத்தமே 2 மிமீ. தொட்டபின் விலகும் தூரம் பொதுவான 2.5-லேயே கிடந்தது. இந்தச் சுவரைத் தொட்டுவிட்டு இரண்டரை விலகினால் எதிர்ச்சுவரில் முட்டத்தான் வேண்டும். அந்தத் துளையைப் போன வாரம்தான் பட்டியலில் சேர்த்திருந்தேன், இன்னும் ஓட்டவில்லை. அங்கே மட்டும் 0.8 என்று இறக்கி, முடிந்ததும் பழைய மதிப்புக்கு ஏற்றினேன். ஏற்ற மறந்தால் கரடுமுரடான காஸ்டிங் முகத்தில் அது வேறு வம்பு.

தலை திரும்பும் இடத்தையும் மாற்றினோம். பிஹெச்10 தலை 7.5 டிகிரிப் படிகளில் திரும்பும்போது ஸ்டைலஸ் நுனி சும்மா நிற்பதில்லை, நீட்டிப்புத் தண்டான எக்ஸ்டென்ஷனையும் சேர்த்து ஒரு பெரிய வளைவு போடுகிறது. பீஸுக்கு மேலேயே திருப்பிக்கொண்டிருந்தேன். இப்போது திருப்பம் எல்லாம் பீஸை விட்டு வெளியே, ஒரே மூலையில்.

கிளியரன்ஸ் விஷயத்தில் அண்ணாவுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு அலைன்மென்ட்டுக்கும் அடியில் புதிதாகக் கிளியரன்ஸ் வரி எழுது என்பது அவர் கட்சி. பாதியில் பூஜ்யத்தையே நகர்த்தாமல், அந்த அளவை மட்டும் கணக்குப் போட்டு எடுக்கலாம் என்பது என் கட்சி. கடைசியில் அவர் சொன்னபடியே எழுதினேன், பக்கத்தில் 'மேல் முகத்திலிருந்து 60' என்று குறிப்பும் போட்டேன். இரண்டாவது அலைன்மென்ட்டுக்குக் கீழே அந்த எண் இப்போது 102.

முதல் ஓட்டம் பத்து சதவீத வேகத்தில். ஒரு கை ஸ்டாப் பட்டனில். ஒவ்வொரு தாவலுக்கும் மூச்சு நின்று வந்தது. கிளாம்ப்பின் மேலே ரூபி கடக்கும்போது குனிந்து பார்த்தேன், இரண்டு விரல் நுழைகிற இடைவெளி.

ஒரு பீஸுக்கு 14 நிமிடமாக இருந்தது 17 ஆகிவிட்டது. மேனேஜருக்கு முகம் சுருங்கியது. உயரத்தைக் குறைக்கச் சொன்னார், மாட்டேன் என்றேன். பதிலாக, அளவுகளின் வரிசையைக் கோணவாரியாகக் கலைத்து அடுக்கினேன். தலை பதினொரு முறை திரும்பியது ஐந்து முறையாகி, நேரம் 15-க்கு வந்தது. அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி இன்னும் வாரம் ஒருமுறை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.